துலூம் கடற்கரையில் உயர்தர நவீன மெக்சிகன் உணவகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் கரீபியன் கரையில், கின்டானா ரோ மாநிலத்தில் இருக்கிறது துலூம். கான்கூனில் இறங்கி அங்கே போகிற தமிழ்க் குடும்பங்கள் ஒரு இரவாவது நல்ல உணவகத்தில் சாப்பிட நினைக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதும், மெனுவைத் திறக்கும்போதும், பில் வரும்போதும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

"நவீன மெக்சிகன்"னா என்ன? நாச்சோஸ், புரிட்டோ எல்லாம் கிடைக்காதா?

கிடைக்காது. உருகிய மஞ்சள் சீஸ் ஊற்றிய நாச்சோஸும் மொறுமொறுப்பான டாகோ ஓடும் பெரும்பாலும் டெக்சாஸ் எல்லையில் வளர்ந்த சமையல். புரிட்டோ வட மெக்சிகோவின் கோதுமை நாட்டு உணவு. துலூம் இருப்பது யுகடான் தீபகற்பத்தில். இங்கே மாயா மக்களின் சமையல்தான் அடிப்படை: மக்காச்சோளம், பூசணி விதை, புளிப்பு ஆரஞ்சு, அச்சியோட்டே என்ற செந்நிற விதை, ஹபனேரோ மிளகாய், வாழையிலையில் கட்டிச் சுடும் முறை.

நவீன உணவகம் இந்தப் பொருள்களையும் பழைய முறைகளையும் எடுத்துக்கொண்டு, சிறு சிறு தட்டுகளாக, தன் கற்பனையோடு பரிமாறுகிறது. மெக்சிகோ நகரத்தில் சமையல் கலைஞர் என்ரிகே ஓல்வேரா 2000-ல் தொடங்கிய புஹோல் உணவகம் இந்தப் போக்குக்குப் பெரிய உந்துதல். மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு துலூமில் விறகு அடுப்பை மட்டும் நம்பி ஹார்ட்வுட் உணவகம் திறந்தது. 2017-ல் டென்மார்க்கின் நோமா உணவகம் ஏழு வாரம் துலூமில் முகாமிட்டு, தலைக்கு 600 டாலர் வாங்கியது. உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லின் கையேடு மெக்சிகோவுக்கென முதன்முறையாக 2024-ல் வந்தபோது கின்டானா ரோவும் அதில் இடம்பெற்றது.

தெருவுல 20, 30 பெசோவுக்கு டாகோ கிடைக்குது. இங்க எதுக்குப் பத்து மடங்கு கொடுக்கணும்?

கோச்சினிட்டா பிபில் டாகோ மட்டும்தான் வேண்டும் என்றால் கொடுக்க வேண்டாம். பன்றி இறைச்சியை அச்சியோட்டேயும் புளிப்பு ஆரஞ்சும் பூசி, வாழையிலை சுற்றி இரவெல்லாம் வேகவைக்கும் அந்த உணவு, காலையில் ஊருக்குள் இருக்கும் வண்டிக் கடையில்தான் மிகச் சிறப்பு. பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடுவதும் உண்டு.

உயர்தர உணவகத்தில் காசு போகும் இடங்கள் வேறு. முதலாவது மக்காச்சோளம். நாட்டு ரகச் சோளத்தை வாங்கி, சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அங்கேயே அரைத்து, மேசைக்கு வரும் நேரத்தில் டொர்தியா என்ற மெல்லிய சோள ரொட்டி தட்டுவது கூலியும் நேரமும் தின்கிற வேலை. இரண்டாவது, அன்று படகில் வந்த மீன். மூன்றாவது நாள்கணக்கில் செய்யும் மோலே குழம்பு, ரெகாதோ மசாலா விழுது போன்ற அரைப்புகள். கடற்கரைச் சாலையின் வாடகையும் விலையில் இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. சோளத்தில் அக்கறை காட்டாத இடம் எவ்வளவு அழகாக விளக்கேற்றி வைத்திருந்தாலும் அந்த விலைக்குத் தகாது என்பது எங்கள் கருத்து.

டொர்தியா நல்லதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?

செய்முறை தெரிந்தால் அடையாளமும் தெரிந்துவிடும். ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்குச் சுமார் 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். தோல் கழன்று வரும். அலசி அரைத்தால் கிடைப்பது மாசா என்ற மாவு. இப்படி வெந்து ஊறிய சோளத்துக்கு நிக்ஸ்டமல் என்று பெயர். சுண்ணாம்பு சேராத சோளமாவு உருட்டினால் ஒட்டாது, உதிர்ந்துவிடும். சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நயாசின் சத்தும் சுண்ணாம்பு பட்டால்தான் உடம்பில் சேரும். இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஊர்களில் பெல்லாக்ரா நோய் பரவியது அதனால்தான்.

மேசையில் பாருங்கள். துணியில் சுற்றிச் சூடாக வர வேண்டும். இரண்டாக மடித்தால் வெடிக்கக் கூடாது. கல்லில் போட்டபோது உப்பிய அடையாளமாக ஒரு பக்கத்துத் தோல் மெல்லியதாகப் பிரியும். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நிறம் சீரில்லாமல் இருந்தால் நாட்டு ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்பு வாடை தூக்கலாக அடித்தால் சரியாக அலசவில்லை. ஓரம் உதிர்ந்தால் மாவில் ஈரம் போதவில்லை அல்லது பாக்கெட் மாவு. "இங்கேயே நிக்ஸ்டமல் செய்கிறீர்களா, சோளம் எந்த ஊர்?" என்று கேட்டால் நல்ல உணவகத்தில் பணியாளர் மகிழ்ந்து பதில் சொல்வார்.

எத்தனை நாள் முன்னாடி புக் பண்ணணும்?

டிசம்பர் நடுவிலிருந்து ஈஸ்டர் வரை நெரிசல் காலம். அப்போது இரண்டு மூன்று வாரம் முன்னதாகவும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை என்றால் ஒரு மாதத்துக்கு மேலாகவும் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் இணையப் பதிவு, இல்லையென்றால் வாட்ஸ்அப். கார்டு எண் கேட்பார்கள். வராமல்போனால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்யலாம் என்பதைப் பதிவின்போதே படித்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் புயல் மாதங்கள். பல உணவகங்கள் சில வாரம் மூடிவிடும். திறந்திருக்கிறதா என்று கேட்காமல் அந்த மாதங்களில் எதையும் நம்பிப் போகாதீர்கள்.

பகல்ல சிச்சென் இட்சா போயிட்டு ராத்திரி 8 மணிக்குத் துலூம்ல சாப்பிடலாமா?

போகலாம், ஆனால் ஒரு மணி நேரம் காணாமல்போவதைக் கணக்கில் வையுங்கள். மாயா காலத்துக் கோயில் இடிபாடுகள் உள்ள சிச்சென் இட்சா யுகடான் மாநிலத்தில் இருக்கிறது. துலூம் இருக்கும் கின்டானா ரோ 2015 முதல் தனி நேர மண்டலம், இப்போது ஆண்டு முழுக்க யுகடானைவிட ஒரு மணி நேரம் முன்னால். அங்கே மாலை 5 என்றால் துலூமில் 6. சாலைப் பயணமே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. குளித்து உடை மாற்றவும் வேண்டும். பல உணவகங்கள் 15 நிமிடத் தாமதத்துக்கு மேல் மேசையை வைத்திருக்காது. அன்றைக்கு 9 மணிப் பதிவே உத்தமம்.

கடல்ல சூரியன் மறையறதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடற மாதிரி மேசை கிடைக்குமா?

கிடைக்காது. துலூம் கடற்கரை நம் மெரினா போலக் கிழக்கு பார்த்தது. கடலில் உதயம்தான் தெரியும், அஸ்தமனம் காட்டுப் பக்கம். கடலில் அஸ்தமனம் வேண்டுமென்றால் பசிபிக் கரையில் உள்ள புவேர்த்தோ வல்யார்த்தா, சயுலிட்டா, புவேர்த்தோ எஸ்கொந்திதோ பக்கம் போக வேண்டும். துலூமில் அதற்கு ஈடாக ஒன்று உண்டு: பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலுக்கு மேல் நிலவு எழும். இருட்டுவது டிசம்பரில் ஆறு மணிக்கும் ஜூனில் ஏழரைக்கும் சற்றுப் பின்னால்.

அப்போ கடலோர மேசை கேட்கணுமா, உள்பக்கமா?

மாதத்தைப் பொறுத்தது. ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சர்காசோ என்ற பழுப்புக் கடற்பாசி கரை ஒதுங்கும். 2015-க்குப் பிறகு இது பெரிய தொல்லையாகிவிட்டது. அழுகினால் கெட்டுப்போன முட்டை வாடை வரும், எவ்வளவு நல்ல உணவும் அதற்கு முன் நிற்காது. அந்த மாதங்களில் சாலையின் காட்டுப் பக்கம் உள்ள உணவகங்கள் மேல். உண்மையில் பேர்பெற்ற சமையல்கூடங்கள் பல அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

காட்டுப் பக்கத்தில் கொசு உண்டு, குறிப்பாக இருட்டும் நேரத்தில். கேட்டால் விரட்டி மருந்து தருவார்கள். விறகு அடுப்பு உணவகம் என்றால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து உட்காருங்கள். இல்லையேல் புகை முழுக்க உங்கள் மேசைக்குத்தான். ஏசி இருக்காது, கூரை பனையோலை அல்லது வானம். மழை வந்தால் என்ன ஏற்பாடு என்று பதிவின்போதே கேட்பது நல்லது.

என்ன உடுத்திக்கிட்டுப் போகணும்? எப்படிப் போய்ச் சேரணும்?

கோட்டு, டை வேண்டாம். பருத்தி அல்லது லினன் உடை போதும். நீச்சலுடையோடும் ஈரத்தோடும் விடமாட்டார்கள். தரை பெரும்பாலும் மணல் அல்லது சரளைக்கல், அதனால் குதிகால் செருப்பு ஒத்துவராது. பட்டுப் புடவை கட்டுவதென்றால் விளிம்பில் மணலும் மெழுகுவர்த்தி மெழுகும் படும்.

கடற்கரை விடுதிப் பகுதிக்கு இருப்பது ஒரே குறுகிய சாலை. மாலையில் வண்டிகள் நகரவே நகராது. சில கிலோமீட்டருக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடியுங்கள். திரும்பும் டாக்சியை இனிப்பு சாப்பிடும்போதே உணவகத்தில் சொல்லி வையுங்கள்.

டேஸ்டிங் மெனு எடுக்கறதா, தனித்தனியா ஆர்டர் பண்றதா?

டேஸ்டிங் மெனுவை அங்கே மெனு தெகுஸ்தாசியோன் என்பார்கள். ஏழிலிருந்து பத்து சிறு தட்டுகள், இரண்டரை மணி நேரமாவது ஆகும். மதுவோடு சேர்த்தால் மரிதாஹே, அதற்குத் தனி விலை. வழக்கமாக மேசையில் உள்ள எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும். மேசையில் ஒருவர் சைவம், ஒருவருக்கு மீன் ஆகாது, ஒரு குழந்தை என்று இருந்தால் தனித்தனி ஆர்டரே நிம்மதி.

தனியாக எடுக்கும்போது இருவருக்கு இரண்டு சிறு தட்டு, ஒரு பெரிய தட்டு, ஒரு காய்கறி, கூடவே டொர்தியா. இதுவே நிறைவு. பகிர்ந்து சாப்பிடும் முறை என்பதால் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மேசை நிறைந்து பாதி ஆறிப்போகும். முதலில் சிறு தட்டுகளைச் சொல்லுங்கள், அவை பாதி முடிந்ததும் பெரியதைச் சொல்லுங்கள்.

மெனுல பாதி வார்த்தை புரியல. எதையாவது மனப்பாடம் பண்ணிக்கிட்டா போதுமா?

பணியாளர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், பயம் வேண்டாம். ஆனாலும் ரெஸ் என்றால் மாடு, செர்தோ அல்லது புவெர்கோ என்றால் பன்றி, போய்யோ கோழி, பவோ வான்கோழி, பெஸ்காதோ மீன், கமரோன் இறால், புல்போ ஆக்டோபஸ் என்று தெரிந்திருந்தால் வீண் பதற்றம் இல்லை. வெறுமனே கார்னே என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. மாடு ஆகாது என்பவர்கள் "ரெஸ் வேண்டாம்" என்பதோடு எலும்பு மஜ்ஜை, அதாவது துவேதானோ, சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். காய்கறித் தட்டுகளில்கூட அதைச் சுவைக்குச் சேர்க்கும் சமையல்காரர்கள் உண்டு.

நாங்க சுத்த சைவம். அங்க எங்களுக்குச் சாப்பிட ஏதாவது இருக்குமா?

நிறைய இருக்கிறது, முன்கூட்டிச் சொன்னால். சுட்ட கிழங்கு, பூசணிப் பூ, நோபால் கள்ளி, சோளத்தில் வளரும் ஹுயித்லாகோச்சே என்ற கருப்புக் காளான், பூசணி விதையும் தக்காளியும் அரைத்த சிக்கில் பாக் துவையல், சாயா கீரை. இவ்வளவு வகை காய்கறியை மதித்துச் சமைக்கும் நாடுகள் குறைவு. சாயாவைப் பச்சையாகத் தின்னக் கூடாது, வேகவைத்தால்தான் அதன் நச்சுத்தன்மை போகும். உணவகங்கள் அதை அறிந்தே செய்கின்றன.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கருப்புப் பயற்று மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கும், பெயர் மந்தேகா. சோறும் சூப்பும் கோழிச் சாற்றில் வெந்திருக்கும், அது கால்தோ தே போய்யோ. சோளமாவை இலையில் பொதிந்து அவிக்கும் தமாலில் கொழுப்பு கட்டாயம் போல. மோலேயில் பெரும்பாலும் கோழிச்சாறு. சல்சாவில் சிக்காத்தானா என்ற எறும்பு அரைத்திருக்கலாம். பானத்தின் கோப்பை விளிம்பில் புழு உப்பு இருக்கலாம். சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள், இனிப்பில் ஜெலட்டின். மெனுவில் காய்கறிப் பெயர் மட்டும் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், மேசையிலும் மீண்டும் சொல்லுங்கள்: "சோய் வெஹெத்தாரியானோ. நோ கோமோ கார்னே, நி போய்யோ, நி பெஸ்காதோ, நி மாரிஸ்கோஸ். சின் மந்தேகா, சின் கால்தோ தே போய்யோ." நான் சைவம், இறைச்சி, கோழி, மீன், இறால் சிப்பி வகை எதுவும் சாப்பிட மாட்டேன், பன்றிக்கொழுப்பும் கோழிச்சாறும் வேண்டாம் என்பது பொருள். பெண்கள் சொல்வதானால் வெஹெத்தாரியானா. வெறும் "சைவம்" என்று சொன்னால் மீனோ கோழிச்சாறோ பரவாயில்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியலாகச் சொன்னால் குழப்பம் வராது.

முட்டையும் சாப்பிட மாட்டோம். அதுக்கு?

"சின் வேவோ" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே சைவர்கள் முட்டை சாப்பிடுவார்கள் என்பதே பொது எண்ணம். யுகடானின் பாப்பாத்சூலேஸ் பார்ப்பதற்குப் பச்சைச் சாறு ஊற்றிய சைவச் சுருள் போல இருக்கும், உள்ளே வேகவைத்த முட்டை. ஐஸ்கிரீம், கஸ்டர்ட், கேக் எல்லாவற்றிலும் முட்டை இருக்கும். இனிப்புக்குப் பழமும், பழச்சாற்றை உறையவைத்த சொர்பேயும் கேளுங்கள்.

நமக்குத்தான் காரம் பழக்கமாச்சே, ஹபனேரோ என்ன செஞ்சிடும்?

மிளகாயே அந்தக் கண்டத்திலிருந்துதான் நம் ஊருக்கு வந்தது, அங்குள்ள வகைகளைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஹபனேரோவின் காரம் ஸ்கோவில் அளவில் 1,00,000 முதல் 3,50,000 வரை. குண்டு மிளகாய் போல உடனே சுருக்கென்று தெரியாது, பழ மணத்தோடு உள்ளே போய் அப்புறம் ஏறும், நின்று எரியும். ஷ்னிபெக் என்ற வெங்காயச் சல்சாவில் அது பச்சையாகவே இருக்கும்.

சமைத்த உணவில் காரம் பொதுவாகக் குறைவு, சல்சாதான் தனியாக வரும். முதலில் டொர்தியா நுனியில் ஒரு சொட்டு தொட்டுப் பாருங்கள். "பீக்கா முச்சோ?" என்றால் காரம் அதிகமா என்று கேட்பது. எரிந்தால் தண்ணீர் உதவாது. பால் சேர்ந்த ஏதாவது, இல்லையென்றால் டொர்தியா. மிளகாய் தொட்ட கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

மீன் மேல கரி பூசின மாதிரி ஒண்ணு வந்தது. தீஞ்சுபோச்சா?

இல்லை, அது ரெகாதோ நேக்ரோ. காய்ந்த மிளகாயை வேண்டுமென்றே கருகும் வரை எரித்து, நீரில் அலசிக் கசப்பை இறக்கி, மசாலாவோடு அரைப்பார்கள். எரிக்கும் புகை தாங்க முடியாது என்பதால் வீட்டுக்கு வெளியே செய்வது வழக்கம். மரபில் வான்கோழிக் குழம்புக்கு உரியது. நவீன சமையல்காரர்கள் ஆக்டோபஸ், மீன், காலிஃபிளவர் எல்லாவற்றிலும் பூசுகிறார்கள். சரியாகச் செய்தால் புகைமணமும் மெல்லிய கசப்பும் மட்டும் இருக்கும். நாக்கில் சாம்பல் போலக் கரகரத்தால் அலசலில் தவறு.

மோலேன்னா சாக்லேட் குழம்புதானே?

சில மோலேகளில் கொஞ்சம் சாக்லேட் சேரும், அவ்வளவே. பலவகை வற்றல் மிளகாய், எள், வேர்க்கடலை அல்லது பாதாம், உலர்திராட்சை, வறுத்த டொர்தியா அல்லது ரொட்டி, பட்டை, கிராம்பு என்று இருபது முப்பது பொருள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வறுபட்டு அரைபடும். வஹாகா மாநிலத்துக் கருப்பு மோலே பேர்போனது. துலூம் உணவகங்கள் அதை அங்கிருந்து கற்று எடுத்து வருகின்றன. எள், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மோலே என்ற சொல்லைப் பார்த்ததும் நிறுத்திக் கேளுங்கள். சைவர்களுக்கு மேலே சொன்ன கோழிச்சாறு எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

செவிச்சே, அகுவாசிலே எல்லாம் பச்சை மீனாமே. எலுமிச்சை ஊத்தினா வெந்துடும்தானே?

வேகாது. அமிலம் பட்டால் மீனின் புரதம் இறுகி வெளுக்கும், பார்க்க வெந்தது போல இருக்கும். கிருமியும் ஒட்டுண்ணியும் அதனால் செத்துவிடும் என்று நம்ப முடியாது. அகுவாசிலேயில் இறால் எலுமிச்சையும் மிளகாயும் கலந்த சாற்றில் சில நிமிடமே ஊறும், கிட்டத்தட்டப் பச்சை. மீன் புதிதாக இருந்தால் ஆபத்து குறையும், முற்றிலும் போகாது. வேகமாக மீன் செலவாகும் நல்ல உணவகத்தில் சாப்பிடலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்த்துவிட்டு, அச்சியோட்டே பூசி வாழையிலையில் சுட்ட டிக்கின் ஷிக் மீனைக் கேளுங்கள்.

மார்ச் மாசம் போனோம், லாப்ஸ்டர் இல்லைன்னுட்டாங்க. இவ்வளவு பெரிய ஹோட்டல்ல எப்படி இல்லாம போகும்?

இல்லை என்றவர்கள்தான் ஒழுங்கானவர்கள். மெக்சிகோவின் கரீபியன் கரையில் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை லாப்ஸ்டர் பிடிக்கத் தடை. இனப்பெருக்கத்துக்கான இந்தத் தடைக்காலத்தை வேதா என்பார்கள். யுகடானின் ஆக்டோபஸ் பிடிக்கும் பருவம் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை. மற்ற மாதங்களில் மேசைக்கு வருவது உறைய வைத்தது, சரியாக உறைய வைத்த ஆக்டோபஸ் குறை சொல்லும்படி இருக்காது. மெனுவில் பெஸ் லியோன் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிங்கமீன் கரீபியன் பவளப் பாறைகளை அழிக்கும் அந்நிய இனம். நஞ்சு முள்ளில்தான் இருக்கிறது, வெள்ளைச் சதை மென்மையானது. அதைச் சாப்பிடுவது கடலுக்கே நல்லது.

வெட்டுக்கிளி, எறும்பு முட்டை வந்தா என்ன பண்றது?

வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சப்புலினேஸ் என்ற வெட்டுக்கிளி எலுமிச்சை, பூண்டு, உப்போடு வறுபட்டு மொறுமொறுவென்று புளிக்கும். எஸ்கமோலேஸ் என்ற எறும்புப் புழுக்கள் வெண்ணெயில் வதங்கி மென்மையாக இருக்கும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூச்சிகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்கள் தொட வேண்டாம்.

இவ்வளவு பெரிய இடத்துல கையால சாப்பிடலாமா?

டொர்தியா வந்தால் கையால்தான். டாகோவைக் கத்தியால் வெட்டுவதுதான் அங்கே விநோதமாகத் தெரியும். மூன்று விரலால் பிடித்து, டாகோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடியுங்கள். வாழையிலையும் தமாலின் சோளத்தோகையும் பிரித்து ஒதுக்க வேண்டியவை. ஓஹா சாந்தா என்ற சோம்பு மணமுள்ள அகன்ற இலை மட்டும் சாப்பிடக்கூடியது.

மெஸ்கல் எப்படிக் குடிக்கணும்? குடிக்காதவங்களுக்கு என்ன இருக்கு?

மெஸ்கல் என்பது அகாவே என்ற ஆனைக்கற்றாழையில் வடிக்கும் சாராயம். ஒரே மடக்கில் குடிப்பதல்ல. சாராயச் சத்து பெரும்பாலும் 45 சதவீதத்தை ஒட்டியோ மேலேயோ இருக்கும். நாக்கு நனையும் அளவுக்குச் சிறுசிறு மிடறாக. பக்கத்தில் வைக்கும் ஆரஞ்சுத் துண்டின் மேல் தூவிய சிவந்த பொடியில், அந்தக் கற்றாழையில் வாழும் புழு அரைத்திருக்கும். சைவர்கள் "சின் சால் தே குசானோ" என்று சொல்லிவிடுங்கள்.

குடிக்காதவர்களுக்கு அகுவா ஃப்ரெஸ்கா என்ற மதுவில்லாத குளிர்பானங்கள். ஹமைக்கா என்பது நம் புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தில் செய்வது. தமரிந்தோ நம் புளியேதான். ஓர்ச்சாத்தா அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்தது, பால் சேர்க்கும் இடங்களும் உண்டு. நல்ல உணவகங்களில் மது இல்லாத பானங்களுக்கும் மரிதாஹே கிடைக்கிறது, கேளுங்கள்.

தண்ணி, ஐஸ் நம்பிக் குடிக்கலாமா?

இந்தத் தர உணவகங்களில் ஐஸும் குடிநீரும் சுத்திகரித்தவை. குழாய் நீரை எங்கும் குடிக்க வேண்டாம். அகுவா நத்துரால் சாதாரண நீர், அகுவா மினரால் கேஸ் நீர். பாட்டில் பெரும்பாலும் தனிக் கட்டணம். கூடவே இன்னொன்று: கழிப்பறையில் காகிதத்தைக் குழியில் போடாமல் கூடையில் போடச் சொல்லி எழுதியிருப்பார்கள், அப்படியே செய்யுங்கள்.

இனிப்புல என்ன நல்லாருக்கும்?

சப்போட்டாவின் தாயகமே இந்தப் பகுதிதான். அதையும் மாமேய் பழத்தையும் சொர்பேயாகத் தருவார்கள். சோளத்திலேயே செய்த கேக், கொக்கோ வகைகள் உண்டு. மெலிபோனா தேன் பெயர் கண்டால் விடாதீர்கள். நம் கொசுத்தேனீ போலக் கொட்டாத தேனீயின் தேன் அது, நீர்த்தும் சற்றுப் புளித்தும் இருக்கும். மாயா மக்கள் நெடுங்காலமாக வளர்த்து வருவது.

சாப்பிட்டு அரை மணி ஆச்சு, பில்லே கொண்டுவரல. கோபமா?

மரியாதை. கேட்காமல் பில் வைப்பது எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். "லா குவென்தா, போர் ஃபவோர்" என்றால் உடனே வரும்.

டிப்ஸ் எவ்வளவு? பில்லுல ஏற்கனவே சேர்த்திருந்தா?

வழக்கம் 10 முதல் 15 சதவீதம். துலூம் போன்ற இடத்தில் நல்ல உபசரிப்புக்கு 15. பில் 3,000 பெசோ என்றால் 450. விற்பனை வரி 16 சதவீதம், பெயர் ஐவிஏ. அது மெனு விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். பில்லில் வரி தனி வரியாகத் தெரிந்தால் அது மொத்தத்துக்குள் அடங்கியதா, மேலே கூட்டியதா என்று பாருங்கள்.

பிரொபினா அல்லது செர்விசியோ என்று ஒரு தொகை இருந்தால் டிப்ஸ் சேர்த்தாயிற்று. அதைக் கவனிக்காமல் கார்டு மெஷினில் இன்னொரு 15 அழுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மெக்சிகோவில் டிப்ஸ் விருப்பத்துக்கு உரியது. சேவை மோசமாக இருந்தால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ப்ரொஃபெகோ என்ற நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடும் அதுவே. ஆனால் பணியாளர்களின் வருமானத்தில் பெரும்பகுதி இதுதான். நன்றாகக் கவனித்தவர்களுக்குக் குறைக்காதீர்கள்.

கார்டு மெஷின் "டாலரா பெசோவா"ன்னு கேட்குது. எதை அழுத்தறது?

பெசோ. டாலரோ ரூபாயோ தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை மெஷின் வைத்திருக்கும் நிறுவனம் முடிவு செய்யும், உங்கள் வங்கியின் விகிதத்தைவிட அது பெரும்பாலும் மோசம். மெனுவில் உள்ள டாலர் போன்ற குறி பெசோவையும் குறிக்கும், சந்தேகம் இருந்தால் ஆர்டருக்கு முன் கேட்டுவிடுங்கள். கடற்கரைப் பகுதியில் மின்சாரமும் இணையமும் தடுமாறுவது உண்டு. டாக்சிக்கும் டிப்ஸுக்குமாவது கையில் பெசோ நோட்டு இருக்கட்டும்.

சொன்னதையும் மீறி இறைச்சி சேர்ந்த தட்டு வந்துட்டா?

இறைச்சியை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள், முதல் வாயிலேயே நிறுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள். பாதி காலியான தட்டை மாற்றச் சொன்னால் வாக்குவாதம் ஆகும், தொடாத தட்டை மறுபேச்சின்றி மாற்றுவார்கள். முன்பே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுங்கள், அதற்காகத்தான் எழுதி அனுப்பச் சொன்னோம். மேலே உள்ள துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம், புதிதாகச் செய்யுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒவ்வாமை என்றால் "அலெர்ஹியா" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள், அடுப்பும் கத்தியும் மாறும். ஒவ்வாமை இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம். நெரிசலான இரவில் சமையல்கூடம் முழுவதும் அதற்காக ஒருமுறை நின்று தொடங்க வேண்டியிருக்கும்.